மட்டில் பேரைட் அடியில் படிவது: மும்பையில் இருக்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செம்பூர், மாட்டுங்கா, டோம்பிவிலி என்று அறை எடுத்துத் தங்கி, ஜூஹு ஹெலிபேஸிலிருந்து கடலுக்குப் போய் வருகிற தமிழ் இளைஞர்கள் நிறையப் பேர் மட் இன்ஜினியர் வேலைக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகளில் பாதி பேரைட் படிவதைப் பற்றியதுதான். மட் என்பது எண்ணெய்க் கிணறு தோண்டும்போது பைப் வழியாக உள்ளே சுற்றவிடும் திரவம், பேரைட் அதற்கு எடை கொடுக்கப் போடும் கனிமப் பொடி. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன், இனி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன். இதை மட் கெட்டுப்போன கதையாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். பம்பை எந்த வேகத்தில் ஓட்டினோம், பைப்பைச் சுழற்றினோமா இல்லையா, கேசிங் (கிணற்றுச் சுவரைத் தாங்க இறக்கும் இரும்புக் குழாய்) இறக்கும் முன் மட்டை என்ன செய்தோம் என்பதில்தான் மறுபாதி இருக்கிறது. அதனால் மட் இன்ஜினியர் மட்டுமல்ல, தோண்டும் வேலையை ஓட்டுகிற டிரில்லரும், எண்ணெய் நிறுவனத்தின் சார்பில் ரிக்கில் இருக்கும் கம்பெனி மேனும் படித்தாலும் நல்லது.

சேக் சேக் என்கிறார்களே, அது சரியாக என்ன?

கிணற்றில் நிற்கும் மட்டின் எடை மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி இருக்க வேண்டும். எடைக்காகப் போட்ட பொடி கீழ்ப்பக்கமாக இறங்கி, ஒரு பகுதி கனமாகவும் இன்னொரு பகுதி லேசாகவும் ஆகிவிட்டால் அதைத்தான் ரிக்கில் சேக் என்கிறார்கள். ரசத்தைக் கலக்காமல் வைத்தால் மேலே தெளிவும் அடியில் மண்டியுமாகப் பிரியுமே, அதே சமாச்சாரம்தான். வித்தியாசம் என்னவென்றால் இங்கே பாத்திரம் சில கிலோமீட்டர் நீளம், சாய்ந்தும் கிடக்கிறது, உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது.

எடைக்குப் பேரைட்தான் வேண்டுமா? அது எங்கிருந்து வருகிறது?

பேரைட் என்பது பேரியம் சல்பேட். சுத்தமான கனிமம் தண்ணீரைப்போல் 4.5 மடங்கு எடை. தோண்டுவதற்கு வாங்கும் பொடிக்கு ஏபிஐ (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்) விதித்திருக்கும் குறைந்தபட்சம் 4.20, பிற்பாடு 4.10 தரமும் சேர்க்கப்பட்டது. எதோடும் எளிதில் வினைபுரியாது, மென்மையானது, அதனால் பம்பையும் பைப்பையும் அதிகம் தேய்க்காது, விலையும் கட்டுப்படியாகும். ஆந்திராவில் கடப்பைப் பக்கம் இருக்கும் மங்கம்பேட்டையில் உலகின் மிகப் பெரிய பேரைட் படிவுகளில் ஒன்று இருக்கிறது. சென்னையிலிருந்து மும்பைக்கு ரயிலில் வருகிறவர்கள் ரேணிகுண்டா தாண்டிக் கோடூர் வழியாகத்தான் வருவார்கள், மங்கம்பேட்டை அந்தப் பக்கம்தான். சாக்கில் பெயர் எதுவாக இருந்தாலும் நம் நாட்டு ரிக்குகளில் கொட்டும் பொடியில் கணிசமானது அந்த மண்ணிலிருந்து வந்தது.

வாங்கும்போது எடையைப் பார்க்கிறவர்கள் பொடியின் அளவைப் பார்ப்பதில்லை. ஏபிஐ கணக்கில் 75 மைக்ரான் சல்லடையில் தங்குவது 3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, 6 மைக்ரானுக்குக் கீழே இருப்பது 30 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. முதல் விதி படிவதைக் கட்டுப்படுத்த, இரண்டாவது மட் தேவையில்லாமல் கெட்டியாகாமல் இருக்க. ஒரு லாட் வந்தால் சல்லடைப் பரிசோதனையை நீங்களே ஒரு தடவை செய்து பாருங்கள், சான்றிதழை மட்டும் நம்ப வேண்டாம்.

பொடி எவ்வளவு வேகமாகத்தான் இறங்கும்?

ஸ்டோக்ஸ் விதி 1851இலிருந்து இருக்கிறது. துகளின் விட்டத்தின் வர்க்கத்துக்கும் எடை வித்தியாசத்துக்கும் ஏற்ப வேகம் கூடும், விஸ்காசிட்டிக்கு (திரவத்தின் கெட்டித்தன்மைக்கு) ஏற்பக் குறையும். 75 மைக்ரான் பேரைட் துகள் ஒன்று வெறும் தண்ணீரில் விநாடிக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் இறங்கும். அதே துகள் 50 சென்டிபாய்ஸ், அதாவது தண்ணீரைவிடச் சுமார் 50 மடங்கு விஸ்காசிட்டி உள்ள திரவத்தில் விநாடிக்குச் சுமார் 0.2 மில்லிமீட்டர். இது ரொம்பக் கொஞ்சமாகத் தோன்றும். ஆனால் எட்டரை அங்குலக் கிணற்றின் விட்டம் 216 மில்லிமீட்டர்தான். அந்தத் துகள் மேல்சுவரிலிருந்து கீழ்ச்சுவருக்கு வர இருபது நிமிடம் போதும். கருவிகளை இறக்கிப் பாறையை அளக்கும் லாகிங் முடியும்வரை மட் சும்மா நிற்கும் நேரம் எவ்வளவு என்று யோசியுங்கள்.

இந்தக் கணக்கு தனியாக விழும் ஒரு துகளுக்கு. மட்டில் துகள்கள் நெருக்கமாக இருப்பதாலும் நிற்கும் மட் தயிர்போல இறுகி ஜெல்லாகிப் பிடித்துக்கொள்வதாலும் நிஜ வேகம் குறைவு. ஆனாலும் விட்டம் பாதியானால் வேகம் கால்வாசியாகும் என்பதை மறக்க வேண்டாம், பின்னால் வேறு எடைப்பொடிகளைப் பேசும்போது இதுதான் அடிப்படை.

செங்குத்துக் கிணற்றில் பெரிதாகத் தெரியாதது சாய்ந்த கிணற்றில் ஏன் இவ்வளவு மோசமாகிறது?

1920இல் பாய்காட் என்ற ஆங்கிலேய மருத்துவர் ரத்தத்தைச் சோதனைக்குழாய்களில் வைத்துப் பார்த்தபோது, நேராக நிறுத்திய குழாயைவிடச் சாய்த்து வைத்த குழாயில் அணுக்கள் வேகமாகப் படிவதைக் கவனித்து நேச்சர் இதழில் எழுதினார். அதே விளைவுதான் நம் கிணற்றிலும். சாய்ந்த குழாயில் ஒரு துகள் கீழே போய்ச் சேர முழு நீளமும் பயணம் செய்ய வேண்டாம், பக்கத்துச் சுவர்வரை வந்தால் போதும். அப்போது மேல்சுவரை ஒட்டி பொடி இல்லாத மெல்லிய திரவப் படலம் உண்டாகிறது. அது லேசானது, அதனால் மேல்நோக்கி ஓடுகிறது. கீழ்ச்சுவரில் சேர்ந்த கனமான படுகை கீழ்நோக்கிச் சரிகிறது. இந்த இரண்டு ஓட்டமும் ஒன்றையொன்று தூண்டிவிட்டு, பிரிதலை வேகப்படுத்துகின்றன.

சுமார் 30 டிகிரி சாய்விலிருந்து கவலை ஆரம்பிக்கிறது, 45 முதல் 65 வரை மிக மோசம். 75 டிகிரிக்கு மேல் போனால் படுகை சேரும், ஆனால் சரியாது, அங்கேயே கிடக்கும். அதனால் கிடைமட்டப் பகுதியைவிட, அதற்கு மேலே வளைந்து ஏறுகிற பகுதிதான் எனக்கு எப்போதும் அதிகக் கவலை தரும் இடம். எந்த ஆழத்தில் எவ்வளவு சாய்வு என்று காட்டும் சர்வே ஷீட்டைப் பார்த்து 30 முதல் 75 டிகிரிக்குள் எத்தனை அடி இருக்கிறது என்று வேலை தொடங்கும் முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் படியாது, நின்றால்தான் படியும். சரிதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

மட் முழுக்க நின்றுவிட்டால் ஜெல் கட்டிக்கொள்கிறது, துகளைப் பிடித்து நிறுத்த ஏதோ ஒன்று இருக்கிறது. நல்ல வேகத்தில் ஓடினால் ஓட்டமே துகளைத் தூக்கிக்கொண்டு போகிறது. இரண்டுக்கும் நடுவில், பம்ப் மெதுவாக ஓடி ஜெல்லை உடைத்துவிட்டு, ஆனால் துகளைத் தூக்கும் அளவுக்கு வேகம் இல்லாமல் இருக்கிற நேரம் ஒன்று இருக்கிறதே, அப்போதுதான் பெரும்பாலான படுகை சேர்கிறது. 1990 வாக்கில் சாய்ந்த குழாய் ஓட்டச் சோதனைகள் நடத்தியபோதே இது தெளிவாகிவிட்டது, ஆனாலும் இன்றும் ரிக்கில் பழைய நம்பிக்கைதான் ஓடுகிறது.

சாய்ந்த கிணற்றில் பைப் நடுவில் இருப்பதில்லை, கீழ்ச்சுவரில் படுத்துக்கிடக்கும். மட் எளிய வழியைத் தேடி மேல்பக்கத்து அகலமான இடைவெளியில் ஓடிவிடும். கீழே பைப்புக்கும் சுவருக்கும் இடையில் இருப்பது கிட்டத்தட்ட நகராது. ஷீட்டில் ஆனுலர் வேகம் (பைப்புக்கும் கிணற்றுச் சுவருக்கும் இடையில் உள்ள ஆனுலஸில் மட் ஏறும் வேகம்) நிமிடத்துக்கு 80 அடி என்று போட்டிருந்தால் அது சராசரிதான், கீழ்ப்பக்கத்தில் அதில் ஒரு சிறு பங்குகூட இருக்காது. பொதுவாக நிமிடத்துக்கு 100 அடிக்குக் கீழே ஆனுலர் வேகம் போனால், அதுவும் பைப் சுழலாமல் இருந்தால், படுகை சேர்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட நேரங்கள் எவை என்று ஒரு நாள் வேலையை மனதில் ஓட்டிப் பாருங்கள். பைப்பைச் சுழற்றாமல் தோண்டும் ஸ்லைடிங் நேரம், கேசிங் இறக்கியபடி மெதுவாகச் சுற்றவிடும் நேரம், மட் பாறைக்குள் போய்க்கொண்டே இருக்கிறது என்று பம்பைக் குறைத்து ஓட்டும் நேரம், மேலே ஏதோ ரிப்பேர் நடக்கும்போது சும்மா இருக்க வேண்டாமே என்று ஒரே பம்பை மெதுவாக ஓட்டும் நேரம். கடைசியில் சொன்னதை நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் நீண்ட சாய்வுப் பகுதி திறந்திருக்கும்போது பைப்பைச் சுழற்றாமல் மெதுவாக ஓட்டுவதைவிட, ஒன்று சுழற்றிக்கொண்டே நல்ல வேகத்தில் ஓட்டுங்கள், இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.

மும்பை ஹையில் வேலை செய்கிறேன். எனக்கு இது தேவையா?

நியாயமான கேள்வி. மும்பை ஹை 1974இல் கண்டுபிடிக்கப்பட்ட சுண்ணாம்புப் பாறைப் படுகை, பல பத்தாண்டுகளாக எண்ணெய் எடுத்து அழுத்தம் இறங்கிய இடம். அங்கே மட் உள்ளே ஓடிப்போவதுதான் தினசரித் தலைவலி, கனமான மட்டுக்கான தேவை குறைவு. கனம் குறைந்த மட்டில் பேரைட்டும் குறைவு, படிவதும் அவ்வளவாகத் தெரியாது.

ஆனால் மும்பை அலுவலகத்திலிருந்து உங்களை எப்போதும் மேற்குக் கடலுக்கே அனுப்புவார்கள் என்று யார் சொன்னது? கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் அழுத்தமும் சூடும் கூடிய கிணறுகள் இருக்கின்றன, திரிபுராவில் அழுத்தம் கூடிய கிணறுகள் இருக்கின்றன. அங்கே போய் இறங்கிய பிறகு இதைக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. கனமான மட், நீண்ட சாய்வு, சூடு, மெல்லிய பேஸ் ஆயில் (ஆயில் மட்டுக்கு அடிப்படையான எண்ணெய்): இந்த நாலில் மூன்று சேர்ந்தாலே படிவதைத் திட்டத்திலேயே சேர்த்துப் பேச வேண்டும்.

படிந்துவிட்டால் என்னதான் ஆகும்? கொஞ்சம் எடை மாறினால் என்ன?

13.5 பிபிஜி (ஒரு கேலனுக்கு இத்தனை பவுண்டு) மட் ஓடும் கிணற்றில், செங்குத்து ஆழம் 10,000 அடி என்று வைத்துக்கொள்வோம். முழு நீளத்திலும் அரை பிபிஜி குறைந்தால் அடியில் அழுத்தம் 260 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) குறையும். பாறையின் அழுத்தத்துக்கும் மட்டுக்கும் இடையில் நாம் வைத்திருக்கும் பாதுகாப்பு பல கிணறுகளில் அதைவிடக் குறைவு.

இதில் பலரும் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. சாய்வில் கிடக்கும்வரை படுகை அழுத்தத்தை அவ்வளவாக மாற்றாது. 60 டிகிரி சாய்வில் 1,500 அடி நீளத்துக்கு 1 பிபிஜி அதிகக் கனமான மட் கிடந்தால், அதன் செங்குத்து உயரம் 750 அடிதான், 39 பிஎஸ்ஐ. அதைச் சுற்றவிட்டு மேலே செங்குத்துப் பகுதிக்குக் கொண்டுவந்தால், ஆனுலஸ் அதே அகலம் என்று வைத்துக்கொண்டால், முழு 1,500 அடியும் கணக்கில் வரும், 78 பிஎஸ்ஐ. கனமான பகுதி மேலே ஏறும்போது பாறை உடைந்து மட் போகலாம். லேசான பகுதி மேலே ஏறும்போது பாறையில் இருக்கும் எண்ணெயையோ வாயுவையோ கிணறு உள்ளே வாங்கலாம், அதாவது கிக். கிணறு அமைதியாக இருக்கிறதே என்று நினைத்துப் பம்பைப் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் பிரச்சினை வருவது இதனால்தான்.

அப்புறம் பைப் சிக்குவது, டார்க்கும் இழுவையும் ஏறுவது, கேசிங் அடிவரை இறங்காமல் நிற்பது, கீழ்ச்சுவரில் கிடக்கும் படுகையை அகற்றாமல் சிமெண்ட் போட்டு ஒரு பக்கம் பிடிக்காமல் போவது எல்லாம் உண்டு.

ரிக்கில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

டிரிப் (பைப்பை வெளியே எடுத்துத் திரும்ப இறக்குவது) முடிந்து முதல் முறை பாட்டம்ஸ் அப் சுற்றும்போது, அதாவது அடியில் இருந்த மட் மேலே வந்து சேரும்வரை, சல்லடையான ஷேக்கர் பக்கத்தில், மட் வெளியே வரும் ஃப்ளோலைனில் நின்று எடை பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, பாட்டம்ஸ் அப் நெருங்கும்போது இன்னும் அடிக்கடி. ஒரு நல்ல பதிவு எப்படி இருக்கும் என்றால்: உள்ளே போவது 13.5, வெளியே 13.5, 13.5, 13.4, அப்புறம் 13.1, 12.8, திடீரென்று 14.1, 14.4, பிறகு 13.8, 13.5. முதலில் லேசானது, பின்னால் கனமானது. இந்த வரிசையைப் பார்த்தாலே போதும், வேறு சான்று வேண்டாம். பம்பின் எத்தனையாவது ஸ்ட்ரோக்கில் 14.4 வந்தது என்று தெரிந்தால், அது எந்த ஆழத்திலிருந்து வந்தது என்று கணக்குப் போட்டு, சர்வே ஷீட்டில் அங்கே சாய்வு எவ்வளவு என்று பார்த்துவிடலாம்.

நான் பார்த்தவரை இந்தப் பதிவு கெடுவதற்குக் காரணம் அரை மணிக்கு ஒரு தடவை எடை எடுப்பதுதான். 12.8உம் 14.4உம் அந்த இடைவெளியில் ஓடிப்போய்விடும், ஷீட்டில் 13.5, 13.5 என்று அழகாக இருக்கும். ரிப்போர்ட்டில் சேக் இல்லை என்று எழுதிவிடுவார்கள், அடுத்த டிரிப்பில் டிரில்லர் மாட்டிக்கொள்வார்.

இன்னும் சில. காற்று கலந்த மட்டுக்குச் சாதாரணத் தராசு பொய் சொல்லும், அழுத்தம் கொடுக்கும் தராசை எடுங்கள். எடை எடுக்கும்போது மட்டின் சூட்டையும் குறியுங்கள், ஏனென்றால் சூடான ஆயில் மட் தானாகவே லேசாகக் காட்டும், அதைப் படிவு என்று நினைத்துப் பதறக்கூடாது. பைப்பில் அழுத்தம் அளக்கும் கருவி இறங்கியிருந்தால், பம்ப் போடாத நேரத்து அழுத்தத்தையும் பம்ப் போட்ட நேரத்து ஈசிடியையும் (ஓட்டத்தின் உராய்வையும் சேர்த்து மட் காட்டும் எடை) சேர்த்துப் பாருங்கள். மேலே எடை மாறாமலே கீழே அழுத்தம் மெல்ல இறங்கினால் ஆனுலஸில் எங்கோ பொடி உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

விஸ்கோமீட்டரில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்? ஒய்பி நன்றாகத்தானே இருக்கிறது?

ஒய்பியை (ஈல்டு பாயிண்ட், மட் நகர ஆரம்பிக்க வேண்டிய விசை) மட்டின் கெட்டித்தன்மையை அளக்கும் விஸ்கோமீட்டரின் 600, 300 ஆர்பிஎம் ரீடிங்குகளிலிருந்து போடுகிறோம். படிவது நடப்பதோ அதைவிட எவ்வளவோ மெதுவான ஓட்டத்தில். அதனால் 6, 3 ஆர்பிஎம் ரீடிங்குகளைப் பாருங்கள். 3இன் ரீடிங்கை இரண்டால் பெருக்கி அதிலிருந்து 6இன் ரீடிங்கைக் கழித்தால் வருவது லோ ஷியர் ஈல்டு பாயிண்ட். 3இல் 8, 6இல் 9 என்றால் 7. சாய்ந்த கிணற்றுக்கு 7 முதல் 15 வரை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், 100 சதுர அடிக்குப் பவுண்டு என்ற அலகில். நல்ல தொடக்கம், ஆனால் உத்தரவாதம் இல்லை. 3 ஆர்பிஎம்மே விநாடிக்கு 5.1 என்ற ஷியர் வேகம், கீழ்ச்சுவரில் நடப்பது 1க்கும் கீழே.

ஜெல் அதிகமாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஜெல் நிற்கும் மட்டைக் காப்பாற்றும். மெதுவாக நகரும் மட்டில் ஜெல்லே கட்டாது.

லேபில் என்ன டெஸ்ட் செய்யச் சொல்ல வேண்டும்?

மெதுவான ஓட்டத்தில் படிவதைப் பார்க்க விஎஸ்எஸ்டி (விஸ்கோமீட்டர் சேக் ஷூ டெஸ்ட்). இதை ரிக்கிலேயே செய்யலாம், விஸ்கோமீட்டரும் சூடேற்றும் கப்பும் போதும். கப்பின் அடியில் சாய்வான பிளாஸ்டிக் ஷூ ஒன்றை வைக்கிறோம், அதன் தாழ்ந்த ஓரத்தில் சின்னக் குழி இருக்கும். சுமார் 140 மில்லி மட்டை ஊற்றி, 120 ஃபாரன்ஹீட்டில் 100 ஆர்பிஎம்மில் 30 நிமிடம் சுற்றவிடுகிறோம். ஆரம்பத்தில் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை, நீளமான ஊசி மாட்டிய சிரிஞ்சால் குழியிலிருந்து 10 மில்லி எடுத்து கிராமில் எடை போடுகிறோம். சிரிஞ்சுக்குள் காற்றுக்குமிழ் இருக்கக் கூடாது, வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டுத்தான் தராசில் வைக்க வேண்டும், இந்த இடத்தில் அவசரப்பட்டால் டெஸ்டே வீண். எடை வித்தியாசத்தை 0.83ஆல் பெருக்கினால் பிபிஜியில் விடை. 1 பிபிஜி அல்லது அதற்குக் கீழே வந்தால் படியும் போக்கு குறைவு என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள்.

பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்படியே 600 ஆர்பிஎம்மில் இன்னும் 20 நிமிடம் ஓட்டி மூன்றாவது தடவை எடை எடுங்கள். படிந்த படுகை திரும்பக் கலைகிறதா இல்லையா என்பது அப்போது தெரியும். கொஞ்சம் படிந்தாலும் முழுக்கக் கலையும் மட்டை வைத்து வேலை செய்யலாம். படிந்தது கலையாமல் உட்கார்ந்திருக்கும் மட்டைக் கண்டால் எனக்குப் பயம்.

நிற்கும்போது படிவதைப் பார்க்க ஏஜிங் செல், அதாவது மட்டை அடைத்துச் சூட்டில் வைக்கும் மூடிய பாத்திரம். மட்டை ஊற்றி 45 டிகிரி சாய்த்து, கிணற்றின் அடி வெப்பத்தில் 16 மணி நேரம் வைத்து, குளிர்ந்ததும் மேலிருந்தும் அடியிலிருந்தும் எடை எடுக்கிறோம். அடியின் எடையை, அடியும் மேலும் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும். 0.50 என்றால் படியவே இல்லை, 0.53ஐத் தாண்டினால் மட்டைச் சரிசெய்ய வேண்டும். லாகிங் இரண்டு நாள் ஆகும் என்றால் 16 மணி நேர டெஸ்டை வைத்துக்கொண்டு பதில் சொல்லக்கூடாது, 48 மணி நேரம் வைக்கச் சொல்லுங்கள். லேப் ஆட்கள் முணுமுணுப்பார்கள், விடாதீர்கள்.

அப்படியானால் மட்டைக் கெட்டியாக்கிவிட்டால் முடிந்ததே?

கெட்டியாக்கினால் ஈசிடி ஏறும், பாறை தாங்காத இடத்தில் மட் போகும். பைப்பை இறக்கும்போது அழுத்தம் ஏறும் சர்ஜும், இழுக்கும்போது அழுத்தம் இறங்கும் ஸ்வாபும் கூடும். பாறையின் அழுத்தத்துக்கும் பாறை உடையும் அழுத்தத்துக்கும் இடைவெளி குறைவாக இருக்கிற கிணற்றில் இது பெரிய விலை. நமக்கு வேண்டியது மெதுவான ஓட்டத்தில் மட்டும் கெட்டி, வேகமான ஓட்டத்தில் மெலிசு. 600இன் ரீடிங் ஏறாமல் 3இன் ரீடிங் மட்டும் ஏறும்படி மருந்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் திறமை இருக்கிறது.

அதோடு, மட் செய்யாததைப் பைப் சுழற்சி செய்யும். கீழ்ச்சுவரில் கிடக்கும் படுகையைக் கிளறி ஓட்டத்தில் தள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒரு பாட்டம்ஸ் அப் முழுக்கப் பைப்பைச் சுழற்றிக்கொண்டே சுற்றுவதற்கு டிரில்லரிடம் கேட்டு வாங்கிவிட்டால், இரண்டு டிரம் மருந்தைவிட அது மேல்.

ஆயில் பேஸ் மட்டில் மட்டும் ஏன் இவ்வளவு தொல்லை?

தண்ணீர் மட்டிலும் வரும், ஆனால் இதில் அதிகம். எண்ணெய் சூட்டில் சட்டென்று மெலிகிறது. அதைக் கெட்டியாக்கப் போடும் ஆர்கானோ கிளே (எண்ணெயில் கலக்கும்படி பதப்படுத்திய களிமண்), நன்றாக வெட்டி அடித்து, சூடும் பட்ட பிறகுதான் முழு வேலை செய்யும். பிளான்ட்டிலிருந்து புதிதாக வந்த மட் எப்போதும் பலவீனமானது, டிரில் பிட் வழியாக ஒரு சில சுற்றுப் போன பிறகுதான் உருப்படியாகும். சப்ளை போட்டிலேயே டேங்கில் கலக்காமல் விட்டால் ரிக்குக்கு வந்து சேரும் முன்பே பாதிப் பேரைட் டேங்கின் அடியில் இருக்கும், இறக்கும்போது முதலில் வந்ததும் கடைசியில் வந்ததும் இரண்டு வேறு மட். போட் வந்ததும் டேங்கின் மேலிருந்தும் கீழிருந்தும் எடை எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, துகளின் மேல் எண்ணெய் ஒட்டும்படி செய்யும் வெட்டிங் ஏஜென்ட். அது குறைந்தால் பேரைட் துகளின் மேல் எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் ஒட்டும், துகள்கள் கட்டிகட்டியாகச் சேரும். விட்டத்தின் வர்க்கம் என்று மேலே சொன்னேனே, நாலு துகள் ஒட்டிக்கொண்டால் கதை முடிந்தது. ஷேக்கர் சல்லடையில் பேரைட் அடைப்பது, மட்டின் மினுமினுப்பு போய்ச் சொரசொரப்பாகத் தெரிவது, எலக்ட்ரிக்கல் ஸ்டெபிலிட்டி (எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் நிற்பதைக் காட்டும் மின்அளவு) இறங்குவது இதன் அடையாளம். எடை ஏற்றும் நாளில் வெட்டிங் ஏஜென்டை முன்னால் போடுங்கள், பேரைட்டை அப்புறம்.

கேசிங் இறக்கும் முன் மட்டை மெலிதாக்கு என்கிறார்கள். என்ன செய்ய?

இந்த இடத்தில்தான் நல்ல மட்டையும் கெடுக்கிறோம். சர்ஜ் குறையும், சிமெண்ட் நன்றாகத் தள்ளும் என்று பேஸ் ஆயிலை ஊற்றி ஒய்பியை இறக்கிவிடுகிறார்கள். அப்புறம் கேசிங் மணிக்கணக்கில் மெதுவாக இறங்குகிறது, சுழற்சி இல்லை, ஆனுலஸ் குறுகலாகிவிட்டது, மட்டோ மெலிந்துவிட்டது. படிவதற்கு வேண்டிய எல்லாமும் ஒன்றாகக் கூடியாயிற்று.

கம்பெனி மேனிடம் நேரடியாகச் சொல்லுங்கள்: இறக்குவதற்கு முன் 3இன் ரீடிங்கைத் தொட வேண்டாம், கேசிங் அடியில் போய் நின்று, நன்றாகச் சுற்ற ஆரம்பித்த பிறகு, சிமெண்டுக்கு முன்னால் படிப்படியாக மெலிக்கலாம். சொல்லும்போது கையில் விஎஸ்எஸ்டி எண்களை வைத்துக்கொள்ளுங்கள், மெலித்த மாதிரியையும் மெலிக்காத மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில். "சார், இது 0.6, இது 2.1" என்று காட்டினால் அவர் யோசிப்பார், "படியும் சார்" என்று மட்டும் சொன்னால் யோசிக்க மாட்டார்.

படிந்துவிட்டது என்று தெரிந்துவிட்டது. இப்போது என்ன?

முதலில், அடிவரை போய் நின்று ஒரே மூச்சில் சுற்ற வேண்டாம். பைப்பை இறக்கும்போதே இடையிடையே நிறுத்தி, சுழற்றிக்கொண்டே சுற்றி, கனமானதைத் துண்டு துண்டாக வெளியே கொண்டுவாருங்கள். மொத்தமும் ஒரே நேரத்தில் செங்குத்துப் பகுதிக்கு ஏறக்கூடாது.

இரண்டாவது, வெளியே லேசாக வருவதைப் பார்த்து உடனே பேரைட் கொட்டாதீர்கள், கனமாக வருவதைப் பார்த்து உடனே ஆயில் ஊற்றாதீர்கள். அந்தப் பேரைட் எங்கும் போகவில்லை, பின்னால் வந்துகொண்டிருக்கிறது. வருவதை மட் தொட்டியில் கலக்கி, பம்ப் உறிஞ்சும் சக்ஷனில் போகும் எடையை மட்டும் 13.5இல் பிடித்து நிறுத்துங்கள். பதற்றத்தில் இரண்டு பக்கமும் திருத்தினால் ஒரு சுற்று முடிவதற்குள் உங்கள் சராசரி எடை என்ன என்றே யாருக்கும் தெரியாது.

மூன்றாவது, லேசான பகுதி மேலே வரும் நேரம் மட் தொட்டியின் அளவில் (பிட் வால்யூம்) ஒரு ஆள் கண் வைத்திருக்க வேண்டும். கூடினால் அது கிக் என்று வைத்துக்கொண்டு கிணற்றை அடைத்துவிடுங்கள், சேக்தானே என்று தள்ளிப்போடாதீர்கள். இதில் விவாதத்துக்கு இடமே இல்லை.

பேரைட்டுக்குப் பதில் வேறு பொடி?

ஹெமடைட் எடை 5க்கு மேல், அதனால் அளவு குறையும், ஆனால் கடினமானது, இரும்பைத் தேய்க்கும், காந்த சர்வேயையும் குழப்பலாம். இல்மனைட் 4.6 வாக்கில். மாங்கனீஸ் டெட்ராக்சைடு 4.8, துகள் மிகப் பொடியானது, உருண்டையானது, அதனால் மெதுவாகவே இறங்கும், விலை அதிகம். பேரைட்டையே ஓரிரு மைக்ரானுக்கு அரைத்து, ஒட்டிக்கொள்ளாதபடி மேலே பூச்சுக் கொடுத்து விற்கிறார்கள், இடைவெளி குறைவான கிணறுகளுக்கு என் தேர்வு இதுதான். கால்சியம் கார்பனேட் 2.7தான், எண்ணெய்ப் படுகைக்குள் தோண்ட நல்லது, அமிலத்தில் கரையும், ஆனால் பெரிய எடைக்கு ஆகாது. பொடியே வேண்டாம் என்றால் ஃபார்மேட் உப்புக்கரைசல்கள், சீசியம் ஃபார்மேட் 2.2 வரை போகும். படிய ஒன்றுமில்லை. விலையைக் கேட்டால் பெரும்பாலான கூட்டங்கள் அங்கேயே முடிந்துவிடும்.

க்ரூ மாறும்போது அடுத்தவருக்கு என்ன எழுதி வைக்க வேண்டும்?

ஹெலிகாப்டர் வந்து நிற்கும் அவசரத்தில் மட் எடையும் ஒய்பியும் மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள். போதாது. கடைசி பாட்டம்ஸ் அப்பில் வந்த மிகக் குறைந்த எடை, மிக அதிக எடை, எந்த ஸ்ட்ரோக்கில் வந்தது, அந்த நேரத்துச் சூடு. 3, 6 ரீடிங்குகள், எந்த வெப்பத்தில் எடுத்தது. கடைசி விஎஸ்எஸ்டி, கலைந்ததா இல்லையா. கிளேயும் வெட்டிங் ஏஜென்டும் கடைசியாக எப்போது எவ்வளவு போட்டீர்கள். மட்டைச் சுழற்றிப் பொடியைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் ஓடியதா, ஓடியிருந்தால் எத்தனை மணி நேரம், ஏனென்றால் அது பேரைட்டையும் சேர்த்துத் தள்ளிவிடும். அப்புறம், கடந்த ஒரு நாளில் பைப் சுழலாமல் பம்ப் மெதுவாக ஓடிய நேரம் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, அப்போது டிரில் பிட் எந்த ஆழத்தில் இருந்தது. இந்தக் கடைசி வரி எந்த ஃபார்மிலும் இருக்காது, ஓரத்தில் கையால் எழுதி வையுங்கள்.